கேஜ் 7.9 காட்டியது, தண்ணீர் ஒழுகியது: ஒரு கண்டன்சரோடு நான் பட்ட பாடு

இரவு இரண்டு மணி. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தடிமன் பார்க்கும் கேஜ். காட்டிய எண் 7.9 மி.மீ. கண்டன்சரின் வெளிக்கூடான அந்த ஷெல்லைச் செய்யும்போதே 8 மி.மீ. தகட்டில்தான் செய்தார்கள். அதாவது இத்தனை வருஷத்தில் தேய்மானம் என்று ஒன்றுமே இல்லை. ஆனால் கேஜ் வைத்த இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, வெல்டிங்கின் ஓரத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊறி நின்றது. துணியால் துடைத்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, அதே இடத்தில் மறுபடி ஒரு முத்து. துடைத்தேன், மறுபடி முத்து. கேஜ்தான் பழுதோ என்று இன்னொன்றை வரவழைத்துப் பார்த்தேன். அதுவும் 7.9 தான். கடைசியில் ரிப்போர்ட்டில் ‘அரிப்பு எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும்.

முதல் லீக்கிலிருந்து பிரச்சினை தீர்ந்த நாள் வரை ஒன்பது மாதம். நடுவில் மூன்று எமர்ஜென்சி ஷட்டவுன். 4, 6, 9 என்று மொத்தம் 19 நாள் உற்பத்தி நின்றது. ஒரு வருஷம்கூட ஒழுங்காக ஓடாத புது பண்டில் (ஷெல்லுக்குள் இருக்கும் டியூப் கட்டு) முழுசாக ஸ்கிராப்புக்குப் போனது. இத்தனைக்கும் காரணமான சமாசாரத்துக்கு ஸ்ட்ரெஸ் கொரோஷன் கிராக்கிங் என்று பெயர். பிளான்ட்டில் எஸ்.சி.சி. என்போம். தமிழில் தகைவு அரிப்பு விரிசல்: இழுபட்டு நிற்கும் உலோகம், அதற்கு ஆகாத ரசாயனம் பட்டு விரிசல் விடுவது. படிக்கும் காலத்தில் இரண்டு மார்க் கேள்விக்காக உருப்போட்டுவிட்டு மறுநாளே மறந்த பெயர் அது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியர் அப்போதுதான் வேறு இடத்துக்குப் போயிருந்தார். மெக்கானிக்கல் பக்கம் கேட்க ஆளில்லை. அதனால்தான் இதை நடந்தபடியே எழுதிவைக்கிறேன். என் நிலையில் யாராவது டார்ச்சும் கையுமாக நின்றுகொண்டிருந்தால் உதவும்.

முதலில் சாதனத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்குத்தாக நிற்கும் கண்டன்சர், ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்குவது. டியூபுகளுக்குள் மேலிருந்து 130 டிகிரியில், 6 பார் அழுத்தத்தில் ஆவி இறங்கும். டியூபுகளுக்கு வெளியே, ஷெல் பக்கம், கூலிங் டவர் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும். ஷெல், டியூப் எல்லாமே எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பழைய பண்டில் அதில் 304எல் என்ற ரகம். அது நாலாவது வருஷம் லீக் ஆனது. ‘316எல் போடுவோம், அதில் மாலிப்டினம் இருக்கிறது, குளோரைடை நன்றாகத் தாங்கும்’ என்று நான்தான் குறிப்பு எழுதி அனுப்பினேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பழையது ஏன் போனது என்று யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. என் 316எல் பண்டில் 11-வது மாதமே ஒழுக ஆரம்பித்தது.

முதல் லீக் ஒரு விடுமுறை நாளில் வந்தது. கூலிங் வாட்டர் திரும்பி வரும் லைனில் கண்டக்டிவிட்டி (தண்ணீரின் மின்கடத்தும் திறன்) ஏறுகிறது என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து போன். நிறுத்தி, மூடியைக் கழற்றி, ஷெல்லில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் ஏழு டியூபுகளிலிருந்து தண்ணீர் வடிகிறது. ஏழையும் இரண்டு பக்கமும் பிளக் அடித்து மூடினோம். நாலு நாளில் ஓட்டிவிட்டோம். அந்த நாலு நாளில் நான் செய்த இரண்டு காரியங்கள்தான் அடுத்த நாலு மாதத்தைத் தின்றன. ஒன்று, ‘எதற்கும் சுத்தமாக இருக்கட்டும்’ என்று ஷெல் பக்கம் முழுக்க ஹை பிரஷர் ஜெட் அடிக்கச் சொன்னேன். அங்கே என்ன படிந்திருந்தது, எந்த உயரத்தில் படிந்திருந்தது என்ற தடயம் எல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டது. இரண்டு, லீக் ஆன டியூபில் ஒன்றைக்கூட வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. இன்றைக்கு யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: லீக் ஆன சாதனத்தைத் திறந்ததும் ஜெட் ஆளைக் கூப்பிடாதீர்கள், போட்டோ எடுங்கள். படிவைச் சுரண்டி ஒரு பையில் போட்டு, எந்த இடம், எந்த உயரம் என்று எழுதி ஒட்டுங்கள். அரை மணி நேர வேலை.

பிறகு ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டியூபின் வெளிவிட்டம் 25.4 மி.மீ., சுவர் 1.65 மி.மீ. உள்ளே 6 பார். இந்த அழுத்தத்தால் டியூப் சுவரில் வரும் இழுவிசைத் தகைவு 5 மெகாபாஸ்கல்கூட இல்லை. 316எல் வளைந்து கொடுக்கவே குறைந்தது 170 மெகாபாஸ்கல் வேண்டும். ‘ஸ்ட்ரெஸ் காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கணக்கு சரிதான், ஆனால் கேள்வியே தப்பு. டியூபை டியூப் ஷீட்டில் (டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் துளையிட்ட தகடு) பொருத்தும்போது உள்ளே ரோலர் விட்டு விரிக்கிறோம். விரிந்த பகுதியும் விரியாத பகுதியும் சேரும் இடத்தில் உலோகம் நிரந்தரமாகத் திருகிக்கொண்டு நிற்கிறது. அந்த உள் இழுவிசை, அதாவது எச்சத் தகைவு, வளையும் வலிமைக்குக் கிட்டத்தட்ட சமமாகவே இருக்கலாம். வெல்டிங் ஓரமும் அப்படித்தான், குளிர்நிலையில் வளைத்த யூ பெண்டும் அப்படித்தான். மெஷின் ஓடாமல் சும்மா நின்றாலும் அந்த இழுவிசை அங்கேயே இருக்கும். எந்தப் பிரஷர் கேஜும் அதைக் காட்டாது. அதனால் எஸ்.சி.சி. என்று சந்தேகம் வந்தால் டிசைன் பிரஷரை ஓரம் வைத்துவிட்டு, இந்த உலோகத்தை யார், எங்கே, எப்படி வளைத்தார்கள், தட்டினார்கள், விரித்தார்கள், வெல்ட் செய்தார்கள் என்று கேளுங்கள்.

ஆறே வாரத்தில் இரண்டாவது லீக். இந்த முறை 23 டியூப். போதாக்குறைக்கு, மேல் டியூப் ஷீட்டையும் ஷெல்லையும் சேர்க்கும் வெல்டிங் ஓரத்தில் ஊறல். ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த 7.9 ராத்திரி இதுதான். ஷெல் ஊறலைக் கிரைண்ட் செய்து வெல்ட் அடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் வெல்டர் முப்பது வருஷ அனுபவக்காரர். ஒரு அங்குலம் கிரைண்ட் செய்து வெல்ட் அடித்தார். ஆறியதும் பார்த்தால், வெல்டிங் முடிந்த இடத்தில் புதிதாக ஒரு கோடு. அதையும் கிரைண்ட் செய்து அடித்தார். அதற்கு அப்பால் இன்னொன்று. மூன்றாவது தடவை ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, “சார், நான் அடைக்க அடைக்க இது முன்னாடி ஓடுது சார். இதுல என் கையைக் குத்தம் சொல்லாதீங்க” என்றார். “உங்களைச் சொல்வேனாண்ணே, எனக்கே ஒண்ணும் புரியல” என்றேன். பொய்யில்லை, நிஜமாகவே புரியவில்லை.

அவர் கையில் குற்றமே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த கோடு ஒன்றுதான். அதைச் சுற்றி, மயிரிழையைவிடச் சன்னமாக, கண்ணுக்குத் தெரியாத கிளைகள் ஏராளமாக ஓடியிருந்தன. வெல்டிங் சூட்டில் உலோகம் விரிந்து, ஆறும்போது சுருங்கி இழுக்க, ஒவ்வொரு கிளையும் வாயைத் திறந்தது. விடிகாலையில்தான் டை பெனட்ரன்ட் போட்டுப் பார்க்கத் தோன்றியது. சிவப்புச் சாயத்தைத் தடவி வழக்கம்போல் பத்து நிமிடத்தில் துடைத்து, டெவலப்பர் அடித்தபோது ஒன்றிரண்டு கீறல்தான் தெரிந்தது. இந்த விரிசல்கள் அவ்வளவு நெருக்கமானவை, சாயம் உள்ளே இறங்கவே நேரம் பிடிக்கும். மறுபடி தடவி ஒரு மணி நேரம் காயாமல் ஊறவிட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்பு நிறத்தில், இலை உதிர்ந்த மரத்தை வரைந்ததுபோல, கிளைக்குக் கிளை பிரிந்து, உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்து எழும்பியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்தைய இரவு நான் கேஜ் வைத்துப் பார்த்த அதே இடம் அது. தடிமன் கேஜ் ஒலியைச் செங்குத்தாக அனுப்பிப் பின்சுவரில் பட்டு வரும் நேரத்தை அளக்கிறது. ஒலி போகும் திசையிலேயே எழுந்து நிற்கும் மெல்லிய பிளவு அதன் கண்ணில் படாது. எஸ்.சி.சி. உலோகத்தைத் தின்று மெலியவைப்பதில்லை, அப்படியே விட்டுவிட்டுக் கிழிக்கிறது. ஆகவே ‘தடிமன் சரியாக இருக்கிறது’ என்ற வரியைப் பார்த்து யாரும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம்.

அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வைத்து மூடினோம். ஆறு நாள் போனது. அடுத்த வாரம் நடந்த மீட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பண்டில் செய்தவர்கள், ‘நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை’ என்றார்கள். உற்பத்திப் பிரிவு, ‘மெட்டீரியல் தேர்வு தப்பு’ என்றது. மெட்டீரியலைத் தேர்ந்தெடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வராது. கிடைத்ததையெல்லாம் ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். புரிந்துகொண்டதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

எஸ்.எஸ். துருப்பிடிக்காததற்குக் காரணம் அதன் மேல் தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர்தான் தடிமன். கீறினால் தானே மூடிக்கொள்ளும். குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும், ஊசிமுனை அளவில் ஒரு குழி விழும். உலோகம் இழுபட்டு நின்றால் அந்தக் குழியின் அடியில் இழுவிசை குவியும். அங்கே உலோகத்தின் படிக அடுக்குகள் துளி வழுக்கும், படலம் உடையும், வெற்று உலோகம் வெளியே தெரியும். படலம் திரும்ப மூடுவதற்குள் அந்த நுனி கொஞ்சம் கரைந்துவிடும். மூடும், மறுபடி வழுக்கும், உடையும், கரையும். பக்கச்சுவர்களில் படலம் அப்படியே நிற்பதால் குழி அகலமாகாமல், நுனி மட்டும் முன்னே போகிறது. குழியாக இருந்தது விரிசலாக மாறுவது இப்படித்தான். என்னைக் கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்து யோசிக்கவைத்த விஷயம் ஒன்று உண்டு. படலம் மோசமாக இருந்தால் மேற்பரப்பு முழுக்க அரித்துப்போகும், ஆனால் விரிசல் வராது. படலம் திடமாக இருந்தால் ஒன்றுமே ஆகாது. விரிசல் வருவது இரண்டுக்கும் நடுவில், படலம் பெரும்பாலும் நன்றாக இருந்து, நுனியில் மட்டும் தோற்கிற இடத்தில். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கிற எஸ்.எஸ். உள்ளே கிழிந்திருப்பது அதனால்தான்.

விரிசலின் உள்ளே இருக்கும் தண்ணீரும் நாம் லேபில் சோதிக்கும் தண்ணீரும் வேறு வேறு. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. கரைந்த உலோக அயனிகள் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. மின்சுமையைச் சமன் செய்ய வெளியிலிருந்து குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. கூலிங் வாட்டர் பிஎச் 8 என்று நாம் குறித்துக்கொண்டிருப்போம், விரிசல் நுனி அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கும். வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான் மிகவும் ஏமாந்தேன். தொடங்குவதற்குத்தான் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஆகும். தொடங்கியபின், விரிசல் நுனியில் குவியும் இழுவிசை ஒரு வாசலைத் தாண்டிவிட்டால், வேகம் சட்டென்று ஏறி ஒரு சமநிலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் இழுவிசையைக் கூட்டினாலும் வேகம் அவ்வளவாக மாறாது. ரசாயனம் எவ்வளவு வேகமாக நடக்கிறதோ அவ்வளவுதான். விநாடிக்கு ஒரு நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், எறும்பு ஊர்வதுகூட அதற்கு முன்னால் ராக்கெட். ஆனால் ஒரு மாதத்துக்குப் பெருக்கினால் இரண்டரை மி.மீ.க்கு மேல் வருகிறது. என் டியூப் சுவரே 1.65 மி.மீ.தான். ‘பத்து மாதம் நன்றாகத்தானே ஓடியது, திடீரென்று ஏன் வரிசையாகப் போகிறது’ என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததற்குப் பதில் இதுதான்.

எந்த உலோகத்துக்கு எது விஷம் என்பதும் தனித்தனி. பித்தளைக்கு அம்மோனியா. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலத்தில் பித்தளைத் தோட்டா உறைகள் தானாக விரிசல் விட்டுக் கிடந்தன, ‘சீசன் கிராக்கிங்’ என்று பெயர் வைத்தார்கள். தோட்டாக்கள் குதிரை லாயங்களில் இருந்தன, குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் தெளிவானது. சாதாரண இரும்புக்குக் காஸ்டிக்கும் நைட்ரேட்டும். என்னைப்போல் பராமரிப்பில் இருப்பவர்கள் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலையை மறக்கக் கூடாது. ஒரு சின்ன லீக்கை அடக்க ரியாக்டரின் மேல் கூலிங் வாட்டரை ஊற்றினார்கள். அந்தத் தண்ணீரில் நைட்ரேட் கலந்திருந்தது. 1974 மார்ச்சில் அந்த ஐந்தாம் நம்பர் ரியாக்டரில் பெரிய விரிசல். ரியாக்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு தற்காலிகக் குழாயை மாட்டி ஓட்டினார்கள். ஜூன் 1-ல் அந்தக் குழாய் பிய்த்துக்கொண்டது. வெடிப்பில் 28 பேர் இறந்தார்கள். லீக் ஆகும் இடத்தில் கைக்குக் கிடைத்த ஹோஸை வைத்துத் தண்ணீர் அடிக்கும் பழக்கம் எங்களிடமும் இருந்தது. படித்த மறுநாள் அதை நிறுத்தச் சொன்னேன்.

மூன்றாவது லீக் அடுத்த இரண்டரை மாதத்தில் வந்தது. இந்த முறை பிடிவாதமாக நின்றேன்: ஜெட் கிடையாது, பிளக் கிடையாது, முதலில் நாலு டியூபை உருவி எடுக்க வேண்டும். பிளக் அடிப்பதிலேயே ஒரு சிக்கல் இருப்பதை அதற்குள் புரிந்துகொண்டிருந்தேன். சுத்தியலால் அடித்து இறுக்கும் பிளக் சுற்றியுள்ள உலோகத்தில் புது இழுவிசையை ஏற்றும். மூடிய டியூபுக்குள் சூடான ஆவி போகாததால் அது பக்கத்து டியூபுகளைவிடக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும், இரண்டு டியூப் ஷீட்டும் விடாது, அதுவே இழுபடும். டியூபுகளை விரிசலுக்கு வெகுதூரம் தள்ளி, எண்ணெயோ கூலன்டோ படாமல் உலர்வாக வெட்டினோம். மேல் எது, கீழ் எது, பண்டிலில் எந்த வரிசை என்று டேக் கட்டி, துடைக்காமல், விரலால் தொடாமல், சிலிக்கா ஜெல்லோடு மூடி லேபுக்கு அனுப்பினேன். மைக்ரோஸ்கோப் படம் வந்தது. வெளிப்புறத்திலிருந்து உள்ளே, படிகங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, அதே இலையுதிர்ந்த மரம். விரிசலுக்குள் குளோரின். 304எல், 316எல் என்று கடைசியில் வரும் ‘எல்’ குறைந்த கார்பனைக் குறிக்கும். வெல்டிங் சூட்டில் படிக எல்லைகளில் குரோமியம் கார்பைடு உருவாகி அந்த வழியாக விரிசல் போவதை அது தடுக்கும். படிகத்தையே குறுக்கே வெட்டிப் போகிறவனுக்கு அந்த ‘எல்’ ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் எனக்கு உண்மையான விடையைக் கொடுத்தது லேப் ரிப்போர்ட் இல்லை. அனுப்பாமல் மேஜையில் வைத்திருந்த நாலாவது டியூப். ஒரு மதியம் அதைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தேன். முழு நீளமும் ஒரே மங்கிய பழுப்பு. மேல் நுனியில் மட்டும் வெள்ளை வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, உப்புத் தண்ணீர் கொதித்து வற்றிய பாத்திரத்தின் ஓரம் மாதிரி. ஸ்கேல் வைத்து அளந்தேன். டியூப் ஷீட்டின் அடியிலிருந்து 20 மி.மீ.யில் ஆரம்பித்து 120 மி.மீ.யில் முடிகிறது. விரிசல் எல்லாமே அதற்குள்தான். டிராயிங்கை எடுத்து விரித்தேன். கூலிங் வாட்டர் வெளியேறும் நாசில், மேல் டியூப் ஷீட்டுக்கு 150 மி.மீ. கீழே இருக்கிறது. அதற்கு மேலே வென்ட், அதாவது காற்று வெளியேறும் வழி, இல்லை. எந்த வென்ட்டும் இல்லை. அதாவது ஷெல்லின் தலையில் காற்று சிக்கிக்கொண்டு, தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேல் ஒருநாளும் ஏறவே இல்லை. உள்ளே 130 டிகிரி ஆவி, வெளியே தண்ணீர் இல்லாத வெற்று டியூப். அடியிலிருந்து தெறிக்கும் துளி அதன் மேல் பட்டு, சுர்ரென்று வற்றி, உப்பை விட்டுப் போகிறது. இன்னொரு துளி, இன்னும் கொஞ்சம் உப்பு. ரோலர் விட்டு விரித்த, இழுவிசை உச்சத்தில் இருக்கிற இடமும் அங்கேயே. உலோகம், இழுவிசை, விஷம் மூன்றும் ஒரு சாண் நீளத்தில் சேர்ந்துவிட்டன. பழைய 304எல் பண்டிலும் இதே இடத்தில்தான் போயிருக்க வேண்டும். அப்போதே ஒரு டியூபை உருவியிருந்தால்... சரி, விடுங்கள்.

அதுவரை நாங்கள் சண்டை போட்டதெல்லாம் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில். தண்ணீர் மிச்சம் பிடிக்க ப்ளோடவுனை, அதாவது உப்பேறிய தண்ணீரை வெளியே விடும் அளவை, குறைத்ததில் கூலிங் வாட்டர் குளோரைடு 60 பிபிஎம்மிலிருந்து 180-க்கு ஏறியிருந்தது. என் 316எல் பழையதைவிடச் சீக்கிரம் போனதற்கு அது உதவியிருக்கும். ஆனால் தண்ணீர் வற்றும் இடத்தில் 60-க்கும் 180-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் முன்னே பின்னே, இரண்டும் உப்புக்கட்டியில்தான் முடியும். இப்போது எந்த எஸ்.எஸ். சாதனத்தைப் பார்த்தாலும் ‘தண்ணீரில் எவ்வளவு குளோரைடு’ என்பதற்கு முன்னால், ‘தண்ணீர் எங்கே காய்கிறது’ என்றுதான் கேட்கிறேன். ‘60 டிகிரிக்குக் கீழே கவலை இல்லை’ என்று ஒரு வாய்ப்பாடு எங்கும் புழங்குகிறது. முழுகிக் கிடக்கும் எஸ்.எஸ்.ஸுக்கு அது ஓரளவு சரி. ஆனால் சுவிட்சர்லாந்தின் உஸ்டரில் 1985 மே 9-ல் ஒரு நீச்சல்குளத்தின் மேல் தொங்கிய கான்கிரீட் கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய எஸ்.எஸ். கம்பிகளில் எஸ்.சி.சி. குளத்தின் குளோரின் சேர்மங்கள் காற்றோடு ஏறி, யாரும் கழுவாத அந்தக் கம்பிகளில் படிந்து செறிந்திருந்தன. அங்கே கொதிக்கிற சூடு ஒன்றும் கிடையாது, ஆள் குளிக்கிற இடம்.

வழி என்ன என்று பார்த்தபோது, என் மாலிப்டினம் பெருமை முழுசாகக் கழன்றது. காப்சன் என்பவர் 1959-லேயே ஒரு வளைகோடு போட்டுக் காட்டியிருக்கிறார். கொதிக்கும் மெக்னீசியம் குளோரைடில் எந்தக் கலவை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று. நிக்கல் 8 சதவீதத்தை ஒட்டியிருக்கும்போதுதான் படுபள்ளம். நிக்கல் இல்லாத பக்கம் போனாலும் தப்பலாம், 40-க்கு மேல் ஏறினாலும் தப்பலாம். 304-ல் நிக்கல் சுமார் 8, 316-ல் சுமார் 10. பள்ளத்தின் அடியிலிருந்து பள்ளத்தின் சரிவுக்கு வந்ததைத்தான் முன்னேற்றம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கடைசியில் டூப்ளெக்ஸ் 2205 என்ற வேறு வகை எஸ்.எஸ். டியூபுக்கு ஆர்டர் போட்டோம். அது குழி விழுவதையும் இந்த விரிசலையும் பல மடங்கு தாங்கும், முழு விலக்கு என்று சொல்ல முடியாது. வந்து சேர ஐந்து மாதம் ஆனது. ஆனால் மெட்டீரியலை மட்டும் மாற்றி, வென்ட் வைக்காமல் விட்டிருந்தால் இன்னொரு மீட்டிங்குக்குத்தான் நாள் குறித்திருப்பேன். புதுசுக்கு டியூப் ஷீட்டின் விளிம்பிலேயே துளை போட்டு வென்ட் எடுக்கச் சொன்னோம். தண்ணீர் வால்வை உள்வரும் பக்கம் நெரிக்காமல் வெளியேறும் பக்கம் நெரித்து, ஷெல் எப்போதும் நிரம்பி நிற்கும்படி செய்தோம். ப்ளோடவுனும் பழைய அளவுக்கு வந்தது. ஹைட்ரோ டெஸ்டுக்கு (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை) உப்பு நீக்கிய டிமினரலைஸ்டு தண்ணீர், டெஸ்ட் முடிந்த உடனே வடித்து உலர்த்த வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதினேன். டெஸ்ட் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டுப் பல வாரம் கிடப்பில் போட்டால், ஓட ஆரம்பிக்கும் முன்பே அடியில் உப்பு சேர்ந்திருக்கும்.

அந்த ஐந்து மாதம் 316எல் பண்டிலை எப்படி ஓட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது ஷட்டவுனிலேயே, ஷெல்லில் டியூப் ஷீட்டுக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே ஒரு வென்ட் போட்டோம். ஒன்பது நாள் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டார்ட் செய்யும்போது நானே வால்வைத் திறந்தேன். முதலில் சூடான காற்று சீறியது, நாற்பது விநாடி இருக்கும். பிறகு சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் குழம்பு. பிறகுதான் தெளிந்த தண்ணீர். பக்கத்தில் நின்ற வெல்டர், “இவ்வளவு நாளா இதுதான் உள்ள உக்காந்திருந்துச்சா?” என்றார். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த டியூபுகள் அதன் பிறகும் ஒவ்வொன்றாகப் போயின, மொத்தம் ஐந்து. இன்னொரு ஷட்டவுன் எடுக்கும் அளவுக்குப் போகவில்லை. புது பண்டிலை வருடாந்திர ஷட்டவுனில் மாட்டியதால் அந்த நாட்களை 19-ல் சேர்க்கவில்லை.

டூப்ளெக்ஸ் பண்டில் மாட்டி இப்போது நாலாவது வருஷம். போன முறை திறந்தபோது ஜெட் ஆளை வெளியிலேயே உட்காரவைத்துவிட்டு முதலில் நான் உள்ளே பார்த்தேன். ஓரத்து டியூபுகளில் மேல் ஒரு சாண், மற்ற நீளத்தின் நிறத்திலேயே இருந்தது, வெள்ளை வளையம் இல்லை. டை பெனட்ரன்ட்டை ஒரு மணி நேரம் ஊறவைத்தேன், கோடு எதுவும் எழும்பவில்லை. அடுத்த ஷட்டவுனில் திறக்க வேண்டியது மேல்தளத்து எஸ்.எஸ். லைனின் இன்சுலேஷன். ஒரு இடத்தில் மேல்தகடு பிரிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. லைன் 90 டிகிரியில் ஓடுகிறது. இன்சுலேஷனைப் பிரிக்கும்போது யாரும் துடைத்துவிடக் கூடாது என்று இப்போதே வேலைச்சீட்டில் எழுதிவைத்துவிட்டேன்.